புதுப்பிப்பு: ஊருணிக்கரை எறும்பின் பெயர் தெரிந்துவிட்டது

போன மாதம் கானாடுகாத்தான் ஊருணிக்கரைச் செம்மண்ணில் குதித்துக் குதித்துப் போன ஓர் எறும்பின் படத்தைப் போட்டு, "பொறித்தாடை எறும்பு, ஓடன்டோமாகஸ்" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. அது ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர், இந்தியக் குதிக்கும் எறும்பு.

இரண்டும் துள்ளும், அதில்தான் ஏமாந்தேன். ஓடன்டோமாகஸ் தாடையை 180 பாகைக்கு விரித்துப் பூட்டி, படாரென்று மூடும். அந்த உதைப்பில் எகிறும். இது காலால் தாவுகிறது. ஒன்றை ஸ்பிரிட்டில் போட்டு, ஆத்தங்குடிக் கல் தரையில் வெள்ளைத்தாள் விரித்து, செல்போன் லென்ஸில் பார்த்தேன். தாடை நீளமாக, நுனி மேல்நோக்கி வளைந்து, இடுக்கி மாதிரி. கண்கள் முகத்தின் முன்பக்கம் முட்டை முட்டையாக. ஓடன்டோமாகஸுக்கு இவ்வளவு பெரிய கண் கிடையாது. முதல் படத்திலேயே அது தெரிகிறது, நான்தான் கவனிக்கவில்லை.

"எறும்பைப் போய் சாராயத்துல ஊறப்போட்டிருக்கியே" என்று அப்பத்தா இன்னும் திட்டுகிறார்.

பெயர் வைத்தவர் ஜெர்டன், 1851இல். மதராஸ் ராணுவ மருத்துவர், பறவை ஆராய்ச்சியாளர். அப்புறம், ராணி செத்தால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் சண்டை போட்டு, ஜெயித்தவை முட்டையிட ஆரம்பிக்கும். 2010இல் மரபணுத்தொகுதி வெளியான முதல் எறும்புகளில் இதுவும் ஒன்று.

பழைய பதிவின் தலைப்பைத் திருத்திவிட்டேன்.