பச்சை பேட்டரி வந்த பிறகும்: நோட் 7 திருப்பிக் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, பேட்டரி தீப்பிடித்ததால் சாம்சங் கம்பெனி திரும்பப் பெற்ற நோட் 7 போனின் பழைய உறை ஒன்று கையில் கிடைத்தது. போன் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, உறை மட்டும் புதிது போலவே இருக்கிறது. உங்களில் யாரெல்லாம் அந்த போனை வாங்கினீர்கள், எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

2016 ஆகஸ்ட் 19 அன்று இங்கே விற்பனைக்கு வந்தது. விலை 1,098 வெள்ளி. இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது போனுக்குள் செருகியிருக்கும் அந்தப் பேனாதான். திரை அணைந்திருக்கும்போதே பேனாவை உருவி எழுத ஆரம்பித்துவிடலாம், கறுப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதுவது போல இருக்கும். மகள் அப்போது பாலர் பள்ளியில் தமிழ் எழுத்துப் படிக்க ஆரம்பித்திருந்தாள். 'அ' எழுதச் சொன்னால் முதல் சுழியை எதிர்ப்பக்கமாகச் சுழிப்பாள், அப்புறம் அவளே தலையை ஆட்டிக்கொண்டு அழிப்பாள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் எழுதுவாள். எல்லாவற்றையும் சேமித்து வைத்தேன்.

செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க 25 லட்சம் போன்களை மாற்றித் தருகிறோம், பேட்டரியில் கோளாறு, இதுவரை 35 புகார்கள் என்று சியோலில் அறிவித்தார்கள். எனக்கு அதைச் சொன்னது போன் கம்பெனியும் இல்லை, விற்ற கடையும் இல்லை. ராத்திரிச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கணவர்தான் சொன்னார். இங்கே மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது 16ஆம் தேதி. நடுவில் இரண்டு வாரம். போனை அணைத்துவிடுங்கள் என்று கம்பெனி அழுத்திச் சொன்னதே ஒரு வாரம் கழித்துத்தான். அதுவரை என்ன செய்வது? வேறு போன் இல்லை, வேலை இருக்கிறது. உபயோகித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ராத்திரி மட்டும் படுக்கையறையில் சார்ஜ் போட மாட்டோம். அடுப்படியில், திரைச்சீலை, துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, வெறும் டைல்ஸ் தரையில் வைப்போம். கணவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். மன்னார்குடியிலிருந்து அம்மா தினமும் கேட்பார், "அந்த போனை அணைச்சிட்டியா?" அணைச்சிட்டேன்மா என்று அதே போனில் பேசிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

மாற்று போன் கையில் வந்ததும் வீடே நிம்மதி ஆனது. பழையதா புதியதா என்று பார்த்தவுடன் தெரிவதற்காக, மேலே மூலையில் இருக்கும் பேட்டரி அடையாளம் பச்சையாக இருக்கும். பெட்டியில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம் அச்சடித்திருக்கும். மகள் எழுதிய பக்கங்களையெல்லாம் புது போனுக்கு மாற்றிக்கொண்டேன். பச்சை வந்துவிட்டது என்று அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து சார்ஜ் மறுபடியும் படுக்கையறைக்கு வந்துவிட்டது. என்னால் மன்னிக்க முடியாதது இந்த இடம்தான். முதல் தடவை தவறு நடந்துவிட்டது, ஒத்துக்கொண்டார்கள், சரி. 'இது பத்திரமானது' என்று அடையாளம் போட்டுக் கொடுத்ததை நம்பி, குழந்தை தூங்கும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேனே!

அக்டோபர் 5 அன்று அமெரிக்காவில் லூயிவில்லிலிருந்து பால்டிமோர் கிளம்ப வேண்டிய விமானத்தில் ஒரு நோட் 7 புகைந்து, பயணிகளை எல்லாம் கீழே இறக்கினார்கள். அது மாற்றிக் கொடுத்த போன். 11ஆம் தேதி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ரயிலில் வரும்போது அந்தச் செய்தியைப் படித்தேன். படித்த அதே போனை அங்கேயே அணைத்தேன். அதற்கப்புறம் அதைத் திறக்கவே பயம். கடையில் கொடுக்கும்போது "தரவெல்லாம் எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எடுக்கவில்லை. மகள் எழுதியது எல்லாம் அதோடு போயிற்று.

டாலஸ், டெக்சஸ்

அக்கா, அந்தப் பச்சை அடையாளத்தை நானும் நம்பினேன். எங்களுக்கு அரசாங்கத்தின் முறையான அறிவிப்பு வந்ததே செப்டம்பர் 15 அன்றுதான். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அன்று சொன்னது சுமார் 10 லட்சம் போன்கள். மாற்றிக் கொடுத்ததையும் சேர்த்து அக்டோபர் 13 அன்று 19 லட்சம் என்று விரிவாக்கினார்கள். நம் போனும் அதில் உண்டா என்று இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, போட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது கை நடுங்கியது, இரண்டாவது தடவை கோபம்தான் வந்தது.

நான் சொல்ல வந்தது அந்தப் பெட்டியைப் பற்றி. இரண்டாவது முறை திருப்பி அனுப்ப ஒரு தொகுப்பு வீட்டுக்கு வந்தது. பெட்டிக்குள் பெட்டி. போனைப் போட ஒரு பை, அதை வைக்க ஒரு பெட்டி, அதை வைக்க இன்னொன்று. கடைசிப் பெட்டியின் உட்புறம் முழுக்க வெள்ளையாக, கெட்டிப் பஞ்சுத்தாள் மாதிரி, வெப்பம் தாங்கும் பீங்கான் இழைத் தாள் ஒட்டியிருந்தது. அந்த இழை சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாதாம், அதனால் கையுறையும் கூடவே. விமானத்தில் ஏற்றக் கூடாது என்று வெளியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முதல் நாள் வரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த பொருள் அது. மனைவி அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை முதல் வேலையாக அனுப்பிவிட்டேன்.

இன்னொன்று. அக்டோபர் 15 மதியத்திலிருந்து இங்கே எந்த விமானத்திலும் அந்த போனைக் கொண்டுபோகக் கூடாது என்று தடை. கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது, அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. இரண்டு நாள் கழித்து வேலை விஷயமாக சிகாகோ போக நின்றுகொண்டிருந்தேன், என் போன் வீட்டில். நுழைவாயிலில் அறிவிப்பு வந்ததும் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தார். அதேதான். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால் கூட யாரும் இல்லை. கொண்டுபோனால் அபராதம், பறிமுதல். சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி சில விமான நிலையங்களில் கம்பெனியே மாற்றிக் கொடுக்க மேசை போட்டது, நான் நின்ற இடத்தில் எதுவும் கண்ணில் படவில்லை. பெரியவர் வரிசையிலிருந்து விலகிப் போனார். அந்த விமானத்தில் அவர் ஏறவில்லை.

மடிப்பாக்கம், சென்னை

எனக்கு போன் கைக்கே வரவில்லை. இந்தியாவில் 59,900 ரூபாய் என்று அறிவித்து, செப்டம்பர் 2 முதல் விற்பனை என்றார்கள். முன்பதிவு செய்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதே நாளில்தான் சியோல் அறிவிப்பு வந்தது. தள்ளிப்போகிறது என்றார்கள், கடைசியில் வரவே இல்லை. பணம் திரும்பி வந்தது. அப்போது பெரிய ஏமாற்றம். இப்போது உங்கள் இருவரையும் படித்தால் தப்பித்தேன் என்றுதான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பயம் எங்களையும் விடவில்லை. செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில் மேலே பை வைக்கும் இடத்திலிருந்து புகை வந்தது. விமானப் பணியாளர்கள் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிப்பறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. அது நோட் 7 இல்லை, நோட் 2. 2012இல் வந்த போன். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் 7, 2 என்கிற வித்தியாசமே போய்விட்டது.

அடுத்த வாரம் மதுரைக்கு விமானத்தில் போனேன். என்னிடம் இருந்தது பேனா வைத்த பழைய போன். குறிப்பு எழுதப் பேனாவை உருவினேன். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும். "தம்பி, இது அந்த போனா?" என்று கேட்டார். இல்லைம்மா, இது வேறு என்றேன். நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் மரியாதைக்குச் சரி என்றார். ஜன்னல் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். நான் போனை அணைத்து அவர் கண் முன்னாலேயே பையில் வைத்தேன். இறங்கும்போது "ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதேப்பா" என்று கையைத் தொட்டார்.

ரிச்சி தெரு, சென்னை

மேலே எழுதிய தம்பிக்கு: அந்த மாதம் எங்கள் கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். நோட் 7 இந்த ஊரில் விற்கவே இல்லை. ஆனாலும் எந்த கம்பெனி போனாக இருந்தாலும் கொண்டுவந்து நீட்டி, "அண்ணே, இது வெடிக்குமா?" என்று கேட்டார்கள். சார்ஜ் போடும்போது எல்லா போனும் சூடாகும் என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னேன்.

ஒரு பையன் கொண்டுவந்த போனுக்கு மட்டும் நிஜமாகவே பேட்டரி உப்பியிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். மேசையில் வைத்தால் பம்பரம் மாதிரி சுற்றியது. பின்பக்க மூடி ஒரு நூல் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைத்தான் அவன் ஒரு மாதமாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். நல்லவேளை, செய்தியைப் பார்த்துப் பயந்து கொண்டுவந்தான்.

என்ன கோளாறு என்று 2017 ஜனவரி 23 அன்றுதான் கம்பெனி விவரமாகச் சொன்னது. 2 லட்சம் போன், 30,000 பேட்டரி வைத்துச் சோதித்தார்களாம். எங்கள் தொழிலில் இருப்பவன் புரிந்துகொள்கிற மாதிரி சொல்கிறேன். பேட்டரிக்குள் ஒரு நேர்மின் தகடு, ஒரு எதிர்மின் தகடு, நடுவில் பிரிப்பான் என்று ஒரு மெல்லிய படலம், மூன்றையும் பாய் மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள். அந்த இரண்டு தகடும் தொடவே கூடாது. நோட் 7க்கு இரண்டு இடத்திலிருந்து பேட்டரி வந்தது. முதலில் விற்ற போன்களில் இருந்த வகையில், வலது மேல் மூலையில் உறைக்குள் இடம் போதவில்லை. எதிர்மின் தகடு அங்கே நெருக்குண்டு வளைந்திருந்தது. மாற்றிக் கொடுத்ததில் இருந்தது வேறு வகை, அதில் வேறு கோளாறு. நேர்மின் பக்கம் பற்றவைத்த இடத்தில் உலோகப் பிசிறு நீட்டிக்கொண்டு, காப்பு டேப்பையும் பிரிப்பானையும் துளைத்துவிட்டது. சில பேட்டரிகளில் அந்த டேப்பே ஒட்டவில்லை.

ஆக, உட்லண்ட்ஸ் தங்கச்சி, உங்கள் கைக்கு இரண்டாவதாக வந்தது முதல் தவறின் மிச்சம் இல்லை. முதல் பேட்டரியில் என்ன தப்பு என்று முழுசாகத் தெரிவதற்குள், இன்னொரு பேட்டரியை நம்பி அவசரமாகக் கொடுத்துவிட்டார்கள். பச்சை அடையாளம் என்பது 'அந்தப் பேட்டரி இல்லை' என்பதற்குத்தான் அத்தாட்சி. 'இந்தப் பேட்டரி நல்லது' என்பதற்கு அது அத்தாட்சி இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்

பழைய ஆள் ஒருவன் குறுக்கே வருகிறேன். 2007 ஆகஸ்ட்டில் நோக்கியா பிஎல்-5சி பேட்டரி விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானில் மட்சுஷிடா கம்பெனி செய்த 4.6 கோடி பேட்டரிகள், சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்றார்கள். அப்போது எங்கள் ஊரில்தான் நோக்கியா தொழிற்சாலை இருந்தது, தெருவுக்கு நாலு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். பேட்டரியைக் கழற்றிப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் 26 இலக்க அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கண் தெரியாது. டீக்கடை பெஞ்சில் பத்துப் பேர் பேட்டரியை நீட்டுவார்கள், நான் வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் குறித்துக் கொடுப்பேன். ஆனால் ஒன்று, அப்போது பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். போன் நம்மிடமே இருந்தது, அதில் இருந்த நம்பர்களும் இருந்தன.

டாலஸ், டெக்சஸ்

அண்ணே, கழற்ற முடிகிற பேட்டரியாக இருந்திருந்தால் அக்கா எழுதியது எதுவும் நடந்திருக்காது. கொடுக்காமல் வைத்திருந்தவர்களைக்கூட விடவில்லை. இங்கே டிசம்பரில் ஒரு மென்பொருள் அனுப்பி சார்ஜே ஏறாமல் செய்தார்கள். நியூசிலாந்தில் நவம்பரிலேயே சேவையைத் துண்டித்துவிட்டார்கள்.

அக்கா, அந்த போனில் வைத்திருந்த சாம்சங் கணக்கில் உள்ளே போய்ப் பார்த்தீர்களா? குறிப்புகள் தானாகவே சேமிப்பாகி இருக்கலாம்.

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன் தம்பி. கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போய்விட்டேன். தொடர்பு எண்கள் இருக்கின்றன, குறிப்புகள் எதுவும் இல்லை. கேட்டதற்கு நன்றி.

ரிச்சி தெரு அண்ணன் எழுதியதைக் கணவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இத்தனை வருடமாக, புதுசையாவது அடுப்படியிலேயே வைத்திருக்கலாமே என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது. நேற்றுதான் வாயைத் திறந்து சொன்னார்.

மகள் இப்போது உயர்நிலைப் பள்ளி. நீ எழுதின 'அ' எல்லாம் ஒரு போனில் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். போன் நினைவில்லை என்றாள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் அடுப்படித் தரையில் சிவப்பாக ஒரு புள்ளி எரியும், அப்பா அதன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றாள்.