33-ல் மார்பு, 37-ல் குடல்: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நூல்கண்டு:
திருப்பூரிலிருந்து எழுதுகிறேன், வயது 37. நாலு வருடம் முன்பு இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து டமாக்சிஃபென் மாத்திரையோடு ஓரளவு நிம்மதியாக இருந்தேன். தீபாவளிக்கு அப்புறம் மலத்தில் ரத்தம். காட்டிய இடத்தில் மூலம் என்றார்கள், மாமியார் உடம்புச் சூடு என்றார், துத்திக்கீரையும் மோருமாக நாலு மாதம் ஓடிவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியதும்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 7. கொலனோஸ்கோபியில் பெருங்குடலில் கட்டி, பயாப்சியும் புற்றுநோய் என்றே வந்துவிட்டது.

பழையதுதான் பரவிவிட்டதா, இல்லை இது வேறா? அம்மா வழியில் யாருக்கும் இல்லை. அப்பாவின் அக்கா ஒருவர் நாற்பது சொச்சத்தில் கர்ப்பப்பைக் கட்டியில் இறந்தார் என்பார்கள், அது அப்பா வழி என்பதால் கணக்கில் வராது என்று நினைக்கிறேன். மகளுக்கு 11 வயது. ஜீன் டெஸ்ட் எடுத்தால் அவள் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று வீட்டில் இப்போதே பேச்சு.

லேப்காரன்:
சகோதரி, மார்பிலிருந்து குடலுக்குப் பரவுவது அரிது, லோபுலர் என்ற மார்புப் புற்றுநோய் வகையில் சில சமயம் நடக்கும். ஊகிக்கவே வேண்டாம். பயாப்சித் துண்டில் ஐ.எச்.சி என்று சாயம் போட்டுப் பார்ப்பார்கள். சிடிஎக்ஸ்2, சிகே20 என்ற புரதங்கள் தெரிந்தால் பெரும்பாலும் குடலிலேயே பிறந்தது, காட்டா3, ஈஆர் தெரிந்தால் மார்பிலிருந்து வந்தது. அதே துண்டில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நாலு புரதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஏதாவது காணாமல் போயிருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோமாக, அதாவது குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை ஜீன் கோளாறாக இருக்கலாம் என்று அடுத்த டெஸ்டுக்குப் போவார்கள். முன்பு ஆபரேஷன் செய்த இடத்தில் பழைய மெழுகு பிளாக்கை (அன்று எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்த துண்டு) வாங்கி வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ரெண்டாம்_ஆட்டம்:
எனக்கும் இரண்டும் வந்தது. 35-ல் மார்பு, 39-ல் மலக்குடல். அப்பா வழி கணக்கில் வராது என்று யார் சொன்னது? இந்த ஜீன் கோளாறுகள் அப்பாவிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடுதான் வரும். உங்கள் அத்தை கதையைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் லிஞ்ச் குடும்பங்களில் குடலுக்கு அடுத்தபடி பெண்களுக்குக் கர்ப்பப்பையில்தான் வரும். மார்பையும் லிஞ்சோடு சேர்க்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. அதனால் மார்புக்கு வழக்கமாகப் பார்க்கும் பிஆர்சிஏ ஜீனை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது, டிபி53, செக்2 மாதிரி மற்ற ஜீன்களும் சேர்ந்த பேனல் டெஸ்ட் கேளுங்கள். டிபி53-ல் கோளாறு இருந்தால் ரேடியேஷனை முடிந்தவரை தவிர்ப்பார்கள், அதனால் ரிசல்ட் சிகிச்சை தொடங்கும் முன்பே வந்தால் நல்லது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. எனக்கு எல்லாம் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. அப்படியும் நடக்கும்.

இன்னொன்று. உங்கள் பழைய கீமோவில் பேக்லிடாக்சல் இருந்ததா? எனக்கு அது கால்விரலில் மதமதப்பை விட்டுப்போயிருந்தது, குடலுக்குப் போடும் ஆக்ஸாலிபிளாட்டினும் அதே நரம்புகளைத்தான் பதம் பார்க்கும். ஃப்ரிட்ஜிலிருந்து தயிர்க் கிண்ணத்தை எடுத்தால் ஷாக் அடித்த மாதிரி இருந்தது, இரண்டு மாதம் மகன்தான் எடுத்துத் தந்தான். முன்கூட்டியே சொன்னால் அளவைப் பார்த்துப் போடுவார்கள்.

ஆடிக்கழிவு:
கல்யாணப் பேச்சுக்குப் பதில் சொல்ல நான் வந்தேன் தங்கச்சி. எங்கள் வீட்டில் அண்ணனுக்கு லிஞ்ச், டெஸ்ட் எடுத்ததில் எனக்கும் உண்டு, தங்கைக்கு இல்லை. அவளுக்கு இல்லை என்பதே டெஸ்ட் எடுத்ததால்தானே தெரிந்தது! நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி போகிறேன், அதுவும் ஆடி மாதத்தில், அப்போதுதான் பந்தி எதையும் தவறவிட மாட்டேன். முந்தின நாள் குடிக்கும் அந்த மருந்துத் தண்ணீர்தான் கொடுமை, எலுமிச்சை பிழிந்தாலும் உப்புக்கரிக்கும். போன தடவை ஒரு பாலிப்பை, அதாவது குடலில் வளர்ந்த சின்ன சதையை, அங்கேயே வெட்டி எடுத்தார்கள், மறுநாள் கடை திறந்துவிட்டேன். பாப்பாவுக்கு இப்போது அவசரம் இல்லை, லிஞ்ச் என்றால் 18 வயதுக்கு மேல்தான் பார்ப்பார்கள். டிபி53 என்றால் மட்டும் பிள்ளைகளையும் சீக்கிரம் பார்க்கச் சொல்வார்கள்.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அத்தைக்கு மட்டும் இல்லையாம், தாத்தா இறந்ததும் ‘வயிற்றுக் கட்டி’யில்தானாம், இத்தனை வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லோர் பெயரும் வயதும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கீமோ சீட்டில் பேக்லிடாக்சல் என்றுதான் இருக்கிறது. பிளாக் வியாழக்கிழமை தருகிறார்களாம்.