"விசேஷம் உண்டா?" – உங்கள் வீட்டில் முதல் டெஸ்ட் யாருக்கு எடுத்தார்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

செல்லூர் தையல்காரி:

கல்யாணமாகிப் பதினோரு வருடம். நாலாவது மாதத்திலிருந்தே பார்க்கிறவர்கள் எல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பிட்டாயா என்பதே அதற்கு அப்புறம்தான். மூன்றாவது வருடத்தில் "இன்னும் ஒரு புழு பூச்சிகூட இல்லையா?" என்றானது.

சஷ்டி விரதம் இருந்தேன், சொன்ன மரத்தில் எல்லாம் தொட்டில் கட்டினேன். சாமிமேல் எனக்குக் குறை இல்லை, இன்றும் செவ்வாய்க்கிழமை குன்றத்துக்குப் போகிறேன். நான் சொல்ல வந்தது டெஸ்ட் பற்றி. ஏழு வருடத்தில் என் மஞ்சப்பையில் பதினேழு ரிப்போர்ட் சேர்ந்திருந்தது. ரத்தம், ஸ்கேன், மருந்து ஏற்றிக் கருக்குழாயைப் படம் பிடிப்பது (அந்த வலியை எழுத முடியாது), எல்லாம் என் பெயரில். அவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்பார். அத்தையிடம் வந்து சொன்னால், "ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டு? எங்க வம்சத்துல அப்படி யாருக்கும் கிடையாது" என்று முடித்துவிடுவார்.

அப்புறம் என் ஓரகத்திக்கு வளைகாப்பு வந்தது. பட்டு ரவிக்கையை நான்தான் தைத்தேன். வயிறு பெருக்கப் பெருக்கப் பிரித்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டு, கைக்கு ஜரிகை வைத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து தைத்தேன். வளையல் தட்டை எடுத்ததும் அத்தை என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நீ அடுப்படியைப் பாத்துக்கம்மா, சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிச்சிரும்" என்றார். பொங்கலை இறக்கி வைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. போய் அதன் பக்கத்தில் நின்றேன். வெளியே வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று ராத்திரி அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் புது வளையல் போட்டிருக்காங்க, உனக்கு எங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மஞ்சப்பையை எடுத்து அவர் முன்னால் கொட்டினேன். பதினேழையும் ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்துப் பார்த்து அடுக்கினார். மறுவாரம் கோரிப்பாளையம் பக்கம் ஒரு லேபில் விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். சில நூறு ரூபாய்தான். அதற்குள் எங்களுக்கு ஒரு லட்சத்துக்குமேல் செலவாகியிருந்தது.

உயிரணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தார்கள், அப்போதும் அதேதான். திரும்பி வரும்போது வைகை மேல் இருக்கிற ஏ.வி. பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

அத்தையிடம் அவரேதான் சொன்னார். அத்தை அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை வெளியே சொல்லாதீங்க, அவனுக்கு அசிங்கம்" என்றார். எனக்கு வந்த கோபம் அப்போதுதான் வந்தது. ஏழு வருடம் என்னை ஊரே பேசியபோது அது அசிங்கம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அவர் ஒளிக்கவில்லை. சோழவந்தானில் ஒரு காதுகுத்து. பந்தியில் ஒரு பெரியவர், "பேசாம இன்னொண்ணு கட்டிக்கடா" என்றார். அவர் இலையிலிருந்து கையை எடுக்காமலே, "குறை எனக்குத்தான் மாமா. பத்து கல்யாணம் பண்ணி வச்சாலும் இதேதான்" என்றார். வரிசையில் ஒருவரும் பேசவில்லை. ரசம் ஊற்ற வந்த பையன்கூட வாளியோடு நின்றுவிட்டான்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

வாடிப்பட்டி, ஓய்வு பெற்ற நர்ஸ்:

தங்கச்சி, முப்பது வருடம் நான் பார்த்தது இதுதான். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். பார்ப்பது இரண்டு பேரையும். குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். உலகத்தில் ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. இவ்வளவு பேருக்கு வருவதைப் பாவம், தோஷம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு பெண்ணுக்கு நாகதோஷம் என்று ராமேஸ்வரம் வரை போய்ப் பரிகாரம் செய்தார்கள். கடைசியில் பார்த்தால் கருப்பையில் காசநோய், இரண்டு கருக்குழாயும் அடைத்திருந்தது. இருமல் கிடையாது, காய்ச்சல் கிடையாது. நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு இது முக்கியமான காரணம். சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் அவளுக்கு நிறைய மிச்சமாகியிருக்கும்.

உசிலம்பட்டிப் பக்கம்:

என் நாத்தனார் தண்ணி பிடிக்கிற இடத்தில், பத்துப் பேர் இருக்கும்போது, "மலடி குடத்தை முதல்ல வைக்காதே" என்று சொன்னாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த ஒரு அக்காதான் சொன்னார். 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ ஒரு பெண்ணைக் கேவலமாகப் பேசுவதும் வன்முறை என்று அப்படியே எழுதியிருக்கிறதாம். குழந்தை இல்லை என்பதற்காக விவாகரத்துக் கேட்க இந்து திருமணச் சட்டத்தில் இடமில்லை. முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவது கட்டினால் அது குற்றம். எனக்கு அதுவரை இது ஒன்றும் தெரியாது. வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டேன். கேஸ் எதுவும் போடவில்லை, இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன், அவ்வளவுதான். பேச்சு நின்றது. நாத்தனார் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, குடத்தை முதலில் வைக்கிறேன்.

மேலூர், லாரி டிரைவர்:

ஆம்பளை ஒருத்தன் எழுதட்டும் என்று எழுதுகிறேன். நான் மூன்று வருடம் டெஸ்டுக்குப் போகவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த டப்பாவைக் கையில் வாங்கும்போது கை நடுங்கியது. எண்ணிக்கை குறைவு என்று வந்தது. டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். புது உயிரணு முழுசாக உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். விட்டேன். எண்ணிக்கை ஏறியிருக்கிறது, குழந்தை இன்னும் இல்லை. ஆனால் என் மனைவியை இப்போது யாராவது ஏதாவது கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறேன். டெஸ்டுக்கு முன் இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை சேராமல் இருக்க வேண்டும் என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் போய் நான் ஒரு தடவை திரும்பி வந்தேன்.

செல்லூர் தையல்காரி:

மேலூர் அண்ணா, நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

உசிலம்பட்டி அக்கா, நானும் ஒன்று கேட்டுப் பார்த்தேன். போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதே, "நான் வளையல் போடலாமா?" என்று கேட்டேன். இஞ்ச் டேப் அவள் வயிற்றைச் சுற்றி இருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "மூணாவதா நீ வாம்மா" என்றார். அம்மன் சன்னதிப் பக்கம் போய்ப் பச்சையில் இரண்டு டஜன் வாங்கினேன். ஒரு டஜன் அவளுக்குப் போட்டேன், மீதி என் கையில் இருக்கிறது. மிஷின் மிதிக்கும்போது சத்தம் போடுகிறது.