யூ/ஏ 16+ என்று போட்ட பிறகும் கத்தரி எதற்கு?

ஒளிக்கீற்று: சினிமா தணிக்கையில் யூ/ஏ என்றால், பெற்றோர் முடிவுப்படி சிறுவர் பார்க்கலாம் என்ற சான்றிதழ். 2023 சினிமா சட்டத் திருத்தம் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. வயதைப் போட்டாச்சு, இனி பெற்றோர் பாடு என்றுதானே அர்த்தம்? ஆனால் 16+ படத்துக்கும் தணிக்கை வாரியத்திடமிருந்து கட் பட்டியல் வருகிறது: இந்த வார்த்தையை மியூட் செய், அந்த முத்தத்தைக் குறை.

பனங்காடு: சட்டத்தில் இடம் இருக்கிறது. சினிமா சட்டத்தின் 5பி பிரிவில், சான்றிதழ் மறுக்கும் காரணங்களாக நாகரிகம், பொது ஒழுங்கு எல்லாம் உண்டு. இயக்குநர் கே.ஏ.அப்பாஸ் போட்ட 1970 வழக்கில் உச்ச நீதிமன்றமே முன்தணிக்கையை ஏற்றது. அதோடு, பல நேரம் கட்டுக்குத் தலையாட்டுவது தயாரிப்பாளர்தான். 'ஏ' (வயது வந்தோருக்கு மட்டும்) வாங்கினால் டிவிக்குத் தனிச் சான்றிதழ் எடுக்கணும், சாட்டிலைட் வியாபாரம் அடிபடும்.

ஒளிக்கீற்று: அதுதான் கோளாறே. சான்றிதழ் வயதைச் சொல்லாமல் வியாபாரத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் கேளிக்கை வரிவிலக்குக்கு 'யூ' (எல்லோரும் பார்க்கலாம்) சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். அதற்காகவே படங்களை வெட்டினார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சலுகை போனது, வெட்டிக்கொடுக்கும் பழக்கம் போகவில்லை. தணிக்கைக்கான 1991 வழிகாட்டி நெறிகள் படத்தை முழுமையாக வைத்து எடைபோடச் சொல்கின்றன. கெட்டவார்த்தை என்றால் மட்டும் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். வெட்டுக்குத்து 'கதைக்குத் தேவை' என்று தப்பிவிடுகிறது, ரத்தத்தை மங்கலாக்கினால் போதும். அதே படம் ஓடிடியில் மியூட் இல்லாமல் ஓடலாம், அங்கே 2021 ஐடி விதிப்படி நிறுவனமே வயது போட்டுக்கொள்கிறது.

பனங்காடு: ஓடிடியோடு ஒப்பிடாதீங்க. அங்கே 13+ முதலே பெற்றோர் பூட்டு கட்டாயம், 'ஏ'-க்கு வயது சரிபார்ப்பும் வேணும். தியேட்டரில் என்ன பூட்டு இருக்கு?

கேட்வாசல்: தியேட்டரில் பூட்டு இல்லைன்னு பனங்காடு சொல்றது சரி, ஆனா அது வெட்டுறதுக்கு நியாயம் ஆகாது. 'ஏ' படத்துக்குச் சிறுவனை விட்டால் தியேட்டர்காரர் மேல் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் வழக்கு வரலாம். 16+ என்பது பெற்றோருக்கான ஆலோசனை மட்டும்தான். எட்டு வயதுப் பிள்ளையை அப்பா கூட்டிவந்தால் வாசலில் தடுக்க முடியாது. அந்த எண்ணை போஸ்டரிலும் டிக்கெட் ஆப்பிலும் பெரிசா போடட்டும்.

ஒளிக்கீற்று: மேல்முறையீட்டையும் பாருங்க. வாரியத்தின் மறுபரிசீலனைக் குழுவான ரிவைசிங் கமிட்டிக்கு அப்புறம் முறையிட தனித் தீர்ப்பாயம் இருந்தது, 2021இல் கலைத்துவிட்டார்கள். இப்போ நேரே உயர் நீதிமன்றம். ரிலீஸ் தேதி குறித்து, வட்டிக்குப் பணம் வாங்கிய தயாரிப்பாளர் அங்கே போய்க் காத்திருப்பாரா?

பனங்காடு: தீர்ப்பாயத்தைக் கலைத்தது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனால் வாசலில் வயதைச் சரிபார்க்க வழி வராதவரைக்கும் 16+ஐ நம்பி கத்தரியைக் கீழே வைக்க நான் தயாரில்லை.

ஒளிக்கீற்று: அப்படியானால் ஒவ்வொரு கட்டுக்கும் எந்த நெறி, ஏன் 16+ போதவில்லை என்று எழுத்தில் காரணம் கொடுக்கட்டும். அதற்காவது சம்மதமா?