பெரோயாக்காரர் வீட்டில் சுருள் இருந்ததா?

கடைசி பெஞ்ச்:
நேற்று பிரசங்கக் குறிப்பு இழையில் உபதேசியார் பேரன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "விசுவாசி வளரவில்லை என்றால் மேய்ப்பன்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆடு தானாகப் புல் தேடிப் போனால் பள்ளத்தில்தான் விழும்" என்கிறார். நல்ல வசதி! பேரன் பேத்தி எடுத்த பிறகும் வேதத்தில் ஆபகூக் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பொருளடக்கத்தைப் புரட்டுகிறவர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்? அதற்கும் சபைப் போதகர் ஐயர்தான் பொறுப்பா? அப்போஸ்தலர் 17:11 பாருங்கள். பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். அவர்களை வேதம் நற்குணசாலிகள் என்கிறது. உங்கள் பாஸ்டர் பவுலைவிடப் பெரியவரோ?

உபதேசியார் பேரன்:
வந்துவிட்டது பெரோயா. எல்லோரும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பீர்கள் என்று தெரியும். ஒரே கேள்வி. பெரோயாவில் யார் வீட்டில் வேதச் சுருள் இருந்தது? சாக்கடலோரக் கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த ஏசாயா சுருள் மட்டுமே 7 மீட்டருக்கு மேல் நீளம். தோல், கையெழுத்து. சாதாரண மனிதன் வாங்கி அலமாரியில் வைக்கிற பொருளா அது? 10ஆம் வசனத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? பவுலும் சீலாவும் போனது யூதருடைய ஜெப ஆலயத்துக்கு. சுருள் அங்கே இருந்தது, ஆராய்ந்ததும் அங்கேதான், கூடித்தான். தனியாக மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மார்த்தாள்:
அண்ணே, எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போகும்போதே ஏசாயாவை வாசித்தாரே? அது யாருடைய சுருள்? ஜெப ஆலயத்தில் இரவல் வாங்கியதா?

உபதேசியார் பேரன்:
சிஸ்டர், அவர் கந்தாகே ராணியின் பொக்கிஷத்துக்கெல்லாம் தலைவர். நீங்கள் எந்த ராணியின் கஜானாவைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? மேலும் அவர் வாசித்தார், புரிந்ததா? "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று அவரே சொன்னார். சுவிசேஷகன் பிலிப்பு ரதத்தில் ஏறிய பிறகுதான் விளங்கியது. எனக்கு எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி.

கடைசி பெஞ்ச்:
பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயு சின்ன வயது முதல் வேத எழுத்துக்களை அறிந்தவன். பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள். அது வீடா, ஜெப ஆலயமா?

உபதேசியார் பேரன்:
லோவிசாள் வீட்டில் சுருள் இருந்தது என்று வசனம் காட்டுங்கள். பாட்டி வாயால் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதுவும் ஒருவர் போதிக்க ஒருவர் கேட்பதுதான். பெரோயாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

உப்புக்காற்று:
சுருளை விடுங்கள் பிரதர். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரம். நாளைக்கு மூன்று நான்கு படித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதற்குக்கூட நேரமில்லை என்கிறவர்கள் டிசம்பர் 31 ராத்திரி வாக்குத்தத்த அட்டை எடுக்க மட்டும் முண்டியடிக்கிறார்கள். ஒரு வசனத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வருடத்தை ஓட்டுகிற கிறிஸ்தவம்! நான் மெக்ஷேன் போட்ட வேத வாசிப்பு அட்டவணைப்படி வாசிக்கிறேன். புதிய ஏற்பாடும் சங்கீதமும் வருடத்துக்கு இரண்டு தடவை முடியும்.

உபதேசியார் பேரன்:
அந்த அட்டவணையை 1842இல் போட்டது யார்? ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர்ப் போதகர். யாருக்காக? தன் சபைக்காக. ஆக, நீங்கள் தனியாக வாசிக்கிற அட்டவணையையும் ஒரு மேய்ப்பன்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்!

உப்புக்காற்று:
அட்டவணை அவருடையது. விடியற்காலையில் எழுந்திருப்பது நான். அவர் வந்து என்னை எழுப்புவதில்லை. வாக்குத்தத்த அட்டையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லையே? உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கிறது போல.

வேளாங்கண்ணி பஸ்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கத்தோலிக்கர் பைபிளே படிக்கமாட்டார்கள் என்று எங்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இப்படி அடித்துக்கொள்வது வேடிக்கைதான். 1965இலேயே எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் விசுவாசிகள் எல்லோரும் மறைநூலை அடிக்கடி வாசிக்கச் சொல்லிவிட்டது. மறைநூலை அறியாதவன் கிறிஸ்துவை அறியாதவன் என்ற புனித ஜெரோமின் வாக்கை எடுத்துக்காட்டியே சொன்னது.

உபதேசியார் பேரன்:
தம்பி, 1965 வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

வேளாங்கண்ணி பஸ்:
73 புத்தகம் வைத்திருந்தோம். நீங்கள் 66 ஆகக் குறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

கடைசி பெஞ்ச்:
ஐயா, அந்தச் சண்டை இங்கே வேண்டாம். பேரன் அவர்களே, இன்று சுருள் காலம் இல்லை. மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது எதற்கு? பீடத்தில் பூட்டி வைக்கவா? அவன் அவன் கையில் கிடைக்கத்தானே?

உபதேசியார் பேரன்:
அச்சடித்தார்கள், சரி. அன்றைக்கு எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்? என் தாத்தா தேரிக்காட்டு மணலில் ஊர் ஊராக நடந்து, பனையேறி இறங்கியவர்களை ராத்திரி உட்காரவைத்து வாசித்துக் காட்டியவர். எழுத்தே தெரியாத அந்த ஜனங்கள் கேட்டே வளர்ந்தார்கள். பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் விசுவாசத்தை விடவில்லை. இன்றைக்கு போனில் நாலு மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறவன், ஐயர் இரண்டு வாரம் விசாரிக்க வரவில்லை என்றால் சபை மாறிவிடுகிறான். தனியாக ஆராய்ந்ததன் லட்சணம் இது.

மார்த்தாள்:
உங்கள் தாத்தா பெரியவர்தான் அண்ணே, அதில் பேச்சே இல்லை. ஆனால் அதே திருநெல்வேலிச் சீமையில் ஆலயத்தைக் கட்டிய கையோடு பள்ளிக்கூடமும் ஏன் கட்டினார்கள்? கேட்டால் போதும் என்றால் எழுத்து எதற்கு?

உபதேசியார் பேரன்:
பள்ளிக்கூடம் வேறு விஷயம். சுருள் யார் வீட்டில் இருந்தது?

கடைசி பெஞ்ச்:
போன வருடம் தசமபாக இழையிலும் இதே கதை. மல்கியா புத்தகத்தில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் விடவில்லை. நீங்கள் வாதாடுவதில்லை, சோர்ந்து போகவைக்கிறீர்கள்.

உபதேசியார் பேரன்:
அந்த இழையில் பாதியில் ஓடிப்போனவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 2 பேதுரு 3:16 வாசியுங்கள். கல்லாதவர்களும் உறுதியில்லாதவர்களும் வேதவாக்கியங்களைத் தங்களுக்குக் கேடுவரத்தக்கதாகப் புரட்டுகிறார்கள். பெயர் சொல்லவில்லை.

மார்த்தாள்:
ஆதிச்சபையில் பிரசங்கித்த அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன். அவனுக்கே அதிக திட்டமாய் விவரித்துக் காட்டியது யார்? கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். அவர்கள் எந்தச் சபைக்குப் பாஸ்டர்? சொந்தமாகக் கற்றுக்கொள்ளாமல் இன்னொருவருக்கு விளக்க முடியுமா?

உபதேசியார் பேரன்:
பார்த்தீர்களா, விவரித்துக் காட்டினார்கள்! அப்பொல்லோவுக்கும் ஆள் தேவைப்பட்டது. அது இருக்கட்டும், பிரிஸ்கில்லாளைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் சிஸ்டருக்குப் பிரசங்க பீடத்தில் ஏற ஆசை போலிருக்கிறதே?

மார்த்தாள்:
சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்கு எப்போதோ குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், தெரியாதா? ஆசைப்பட்டால்தான் என்ன தப்பு, வசனம் காட்டுங்கள் பார்ப்போம்.

உபதேசியார் பேரன்:
1 தீமோத்தேயு 2:12. உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்கிறார் பவுல். இனி தூங்கலாம்.

வேளாங்கண்ணி பஸ்:
அதை உங்களுக்கு விளக்க உங்கள் மேய்ப்பன் வந்தாரா, நீங்களே தனியாகப் படித்தீர்களா?

உபதேசியார் பேரன்:
73 புத்தகக்காரருக்குப் பதில் இல்லை.