வெப்பமண்டலக் கடலின் அடியிலும் ஏன் இவ்வளவு குளிர்?

நித்யா கேட்டது:
கடலியல் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். நிலநடுக்கோட்டுப் பக்கம் மேற்பரப்பு நீர் 28 டிகிரி, 4,000 மீட்டர் ஆழத்தில் 2 டிகிரிதானாம். வெயில் அவ்வளவு ஆழம் எட்டாது, சரி. ஆனால் பூமியின் உட்புறம் சூடுதானே? இத்தனை கோடி ஆண்டுகளில் மேலேயிருந்தாவது வெப்பம் இறங்கியிருக்க வேண்டாமா?

ஆழிமுத்து:
இறங்கியிருக்க வேண்டும். அதனால்தான் 'வெயில் எட்டாது' என்பது பாதிப் பதில்கூட இல்லை என்பேன். அந்தக் குளிர் அங்கேயே உண்டானதல்ல, துருவத்திலிருந்து வந்தது. அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடலில் நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. மிச்ச நீர் உப்பேறி, மைனஸ் 1.8 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்து, கனத்துப்போய்க் கண்டச்சரிவு (கண்டத்தின் விளிம்பிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் கடல்தரைச் சரிவு) வழியே அடிக்கு வழிகிறது. அங்கிருந்து தரையோடு ஊர்ந்து நிலநடுக்கோட்டையும் தாண்டுகிறது. வட அட்லாண்டிக்கில் கிரீன்லாந்துப் பக்கமும் நீர் இப்படி மூழ்குகிறது. மேலேயிருந்து வெப்பம் கசிந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் குளிர்நீர் வரத்து நிற்பதில்லை. கடல்தரை வழியாக வரும் பூமியின் சூடோ சதுர மீட்டருக்குச் சுமார் 0.1 வாட்தான்.

ஆழ்கடலின் இந்தக் குளிரை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஹென்றி எல்லிஸ், அடிமைகளை ஏற்றிய கப்பலின் தலைவர். 1751-இல் அட்லாண்டிக்கில், இறங்கும்போது திறந்து ஏறும்போது மூடிக்கொள்ளும் வால்வு வைத்த வாளியைக் கயிற்றில் விட்டுப் பார்த்தார். மேலே சுமார் 29 டிகிரி, 1,600 மீட்டருக்குக் கீழே 12. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நீரில் குளிக்கலாம், மதுவைக் குளிரவைக்கலாம் என்பதில்தான் மனிதருக்கு மகிழ்ச்சி! துருவ நீர் என்ற விளக்கத்தை அந்த நூற்றாண்டின் கடைசியில் இயற்பியலாளர் ரம்ஃபோர்டு சொன்னார்.

கரையோரம்:
4 டிகிரியில்தானே நீர் அதிகக் கனம்? அதற்குக் கீழே போனால் மிதக்காதா?

ஆழிமுத்து:
அது நன்னீருக்கு, ஏரிக்குப் பொருந்தும். கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல் நீர் உறைகிற வரைக்கும் கனத்துக்கொண்டேதான் போகும்.

நித்யா, ஆர்கோ மிதவைகளின் தரவு இணையத்தில் இலவசம். 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டரிலிருந்து அளந்தபடி மேலே வருபவை. நிலநடுக்கோட்டு மிதவை ஒன்று, அண்டார்டிகா பக்கம் ஒன்று எடுத்து, ஆழத்துக்கு எதிராக வெப்பநிலையை வரைந்து பாருங்கள். முதல் கோடு சில நூறு மீட்டருக்குள் சரேலென விழும். இரண்டாவதில் மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. குளிர்நீர் ஏன் அங்கிருந்து கிளம்புகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.