சூப்பர்மேன் கதை எந்தப் பக்கத்தில் படுக்கிறது? – அனுபவப் பகிர்வு

பழைய பிரதி:
"சூப்பர்மேன் ரொம்ப பலசாலி, அதனால கதை போரடிக்குது" என்று ஒரே வரியில் முடித்தால் அது விமர்சனம் ஆகாது. எந்த இதழ், எந்த இடம் என்று காட்டுங்கள். நான் 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைந்த அந்த 13 பக்கத்தில் ஆளுக்குப் பறக்கவே தெரியாது. மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மீட்டர் தாவுவான். எக்ஸ்பிரஸ் ரயிலை முந்துவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டு பட்டால் தோல் கிழியும். அவ்வளவுதான்.

கதையைப் பாருங்கள். குற்றமே செய்யாத ஒரு பெண் மின்சார நாற்காலியில் உட்காரப் போகிறாள். நிஜக் கொலைகாரியைக் கட்டித் தூக்கிவந்து கவர்னர் வீட்டுப் புல்தரையில் கிடத்துகிறான். வேலையாள் வழிவிடவில்லை, படுக்கையறையின் இரும்புக் கதவையே பிய்த்து எறிகிறான். ஆனால் தண்டனையை நிறுத்த கவர்னர்தான் போனை எடுக்கணும். கடிகாரம் ஓடுகிறது, முஷ்டி அங்கே செல்லாது. பலம் முடிகிற அந்த இடத்தில்தான் படபடப்பு ஆரம்பிக்கிறது.

பச்சைக்கல்:
சரியாகச் சொன்னீங்க அண்ணே. பின்னால் வந்தவர்கள் இதை விட்டுவிட்டு பலத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். 1961-ல் ஒரே தும்மலில் ஆளில்லாத ஒரு சூரியக் குடும்பமே காலி! அப்புறம் அவனை எதை வைத்து மடக்குவது? அவன் பிறந்த கிரகத்தின் கல்லான கிரிப்டோனைட். 1943-ல் வானொலித் தொடரில் வந்த சரக்கு, காமிக்ஸில் 1949-ல் ஏறியது. பச்சை பலவீனமாக்கும், கொல்லும். சிவப்பு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. தங்கநிறம் சக்தியை நிரந்தரமாகப் பறிக்கும். வெள்ளை செடிகொடியை மட்டும் கொல்லும். இதெல்லாம் கிழிசலுக்குப் போட்ட ஒட்டு. அந்தக் கல்லின் கதிரை மறைக்கும் ஈயப்பெட்டியோடு வில்லன் வந்தாலே, கடைசியில் கல் எப்படியாவது தள்ளிப்போகும், இவன் எழுந்து ஒரு குத்து விடுவான் என்று தெரிந்துவிடுகிறது.

ஒட்டுக்கு ஒட்டும் போட்டார்கள். 1971-ல் எழுத்தாளர் டென்னி ஓ'நீல், 'சூப்பர்மேன்' 233-வது இதழில் பூமியிலிருந்த கிரிப்டோனைட் முழுவதையும் வெறும் இரும்பாக்கினார். மணலிலிருந்து எழுந்த ஓர் உருவம் இவன் சக்தியை உறிஞ்ச, 242-வது இதழில் இழந்த பங்கு வேண்டாம் என்று இவனே விட்டுவிடுகிறான். அருமையான முடிவு. அடுத்து எழுதியவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய பலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1986-ல் எழுத்தாளர் ஜான் பைர்ன் மறுபடி குறைத்தார். அதுவும் நாளடைவில் ஏறிவிட்டது. 1997-ல் மின்சார நீல உடம்பு, மறு வருஷமே பழைய உடை. பத்து பேர் எழுதும் பாத்திரத்தில் ஒருவர் போடும் பூட்டு நிற்பதில்லை.

கட்டம்_எண்ணி:
ஓர் இதழைச் சோதிக்க ஒரு வழி. வில்லன் திட்டம் தெரிந்த பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி, அவன் மடங்கும் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் உள்ள ஒவ்வொரு படக் கட்டத்திலும் "இப்போதே பறந்துபோய்ப் பிடித்தால் என்ன?" என்று கேளுங்கள். கதைக்குள்ளேயே பதில் இருந்தால் இதழ் தேறும். கேட்கும் காதும் ஊடுருவும் கண்ணும் எழுத்தாளருக்கு வேண்டியபோது மட்டும் மறந்துபோனால் தேறாது.

1940-ல் லுக் பத்திரிகைக்கு சீகலும் ஷஸ்டரும் இரண்டு பக்கம் செய்தார்கள்: ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிப்போய் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகிறான், போர் முடிந்தது. மாத இதழில் அப்படி முடிக்க முடியுமா? அமெரிக்கா போரில் இறங்கியதும், 1942-ல் தினசரித் தொடரில் கிளார்க் கென்ட் (சூப்பர்மேன் சாதாரண ஆளாக நடமாடும் பெயர்) ராணுவத்தில் சேரப் போகிறான். கண் சோதனையில் பார்வை சுவரைத் துளைத்து அடுத்த அறையின் எழுத்து அட்டையைப் படித்துவிடுகிறது. "கண் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சாக்குதான், ஆனால் சக்தியே காலை வாருகிற சாக்கு. வெளியிலிருந்து ஒரு கல்லும் தேவைப்படவில்லை.

வாசகன்77:
அப்போ 1992-ல் வந்த மரணக் கதை? அங்கே கல்லே இல்லையே சார்.

கட்டம்_எண்ணி:
வடிவம் பிரமாதம் தம்பி. கடைசி நான்கு இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்ததில் மூன்று, பிறகு இரண்டு, 'சூப்பர்மேன்' 75-வது இதழில் பெரிய படங்கள் மட்டும். மூச்சு முட்டுவது கண்ணுக்கே தெரியும். ஆனால் அவனைக் கொல்லும் அரக்கன் டூம்ஸ்டேக்கு என்ன வேணும், ஏன் வந்தான்? அந்த இதழ்களில் பதில் கிடையாது. இவனைவிடப் பெரிய முஷ்டி, அவ்வளவே. 1993-ல் உயிரோடு திரும்பியும் வந்தாச்சு.

பச்சைக்கல்:
1958-ல் 'சூப்பர்மேன்' 125-வது இதழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கேலி செய்வார்கள்: சக்தியெல்லாம் போய், உள்ளங்கையிலிருந்து குட்டி சூப்பர்மேன் ஒருவன் பாய்ந்து வருவான். குட்டி எல்லாரையும் காப்பாற்றுவான், கைதட்டல் வாங்குவான். பெரியவன் ஓரமாக நின்று பொறாமைப்படுவான். ஐடியா பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்தப் பொறாமையை எந்தக் குத்தாலும் தீர்க்க முடியாது.

பழைய பிரதி:
ஒட்டு என்றீர்களே, அதையே ஒழுங்காகத் தைத்தவர் ஒருவர் உண்டு. 1986-ல் ஆலன் மூர் எழுதிய இரண்டு பாகக் கதை, படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கொல்ல மாட்டேன் என்ற உறுதியை மீறி, வேறு பரிமாணத்திலிருந்து வரும் குறும்பு வில்லன் மிக்ஸிஸ்பிட்லிக்கைக் கொன்றுவிடுகிறான். உடனே தங்கக் கிரிப்டோனைட் வைத்திருக்கும் அறைக்குள் தானே நடந்துபோகிறான். யாரும் தள்ளவில்லை.